பச்சை, சிவப்பு பொத்தான்கள்: மோட்டார் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது? விவசாயிகள் அறிய வேண்டியவை

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டாரத்தில் தென்னை, மா, தக்காளி, மல்பெரி என எந்தப் பயிராக இருந்தாலும் பாசனம் பெரும்பாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே நடக்கிறது. மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பச்சை பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும், சிவப்பு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். தமிழகத்தில் உள்ள 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் தினமும் நடப்பது இதுதான்.

அந்த இரண்டு பொத்தான்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததால், 'கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும்' என்று பச்சை பொத்தானில் குச்சியைச் செருகி வைப்பது, சிவப்பு பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு பெட்டியைத் திறந்து கை வைப்பது போன்ற பழக்கங்கள் வந்துவிட்டன. இவற்றால் மோட்டார் எரிவதோடு உயிருக்கும் ஆபத்து வருகிறது. பொத்தான் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது, எங்கெல்லாம் பயன்படுகிறது, எப்படிப் பராமரிப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

பொத்தான் சுவிட்ச் என்றால் என்ன?

வீட்டு விளக்கின் சுவிட்ச் ஒரு பக்கம் தள்ளினால் அங்கேயே நிற்கும். பொத்தான் சுவிட்சில் பெரும்பாலானவை அப்படி நிற்பதில்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அழுத்தும்போது உள்ளே போகும், விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணி இதற்கு எளிய உதாரணம். அழுத்தியிருக்கும் வரை ஒலிக்கும், விட்டால் நின்றுவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு.

1. திறந்த வகை: சாதாரண நிலையில் உள்ளே இருக்கும் இரண்டு உலோக முனைகளும் (கான்டாக்ட்) சேராமல் விலகி இருக்கும். அழுத்தினால் சேரும், மின்சாரம் போகும். ஸ்டார்ட்டரின் பச்சை பொத்தான் இந்த வகை.

2. மூடிய வகை: சாதாரண நிலையில் முனைகள் சேர்ந்தே இருக்கும். அழுத்தினால் பிரியும், மின்சாரம் தடைபடும். சிவப்பு பொத்தான் இந்த வகை.

சிவப்பு பொத்தானை மூடிய வகையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குப் போகும் வயர் அறுந்தாலோ, முனை கழன்றாலோ மின்பாதை தானாகவே துண்டிக்கப்பட்டு மோட்டார் நின்றுவிடும். அதாவது கோளாறு ஏற்பட்டாலும் பாதுகாப்பான பக்கமாகவே ஏற்படும். பல ஸ்டார்ட்டர்களில் பச்சை பொத்தான் மட்டத்தோடு மட்டமாகவும், சிவப்பு பொத்தான் சற்று வெளியே துருத்தியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை தவறிப் பட்டு மோட்டார் ஓடிவிடக் கூடாது, ஆனால் அவசரத்தில் எப்படித் தட்டினாலும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த அமைப்பு.

விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது எப்படி?

பொத்தான் விட்டதும் பழைய நிலைக்கு வருமென்றால் மோட்டாரும் நிற்க வேண்டுமே என்ற கேள்வி எழும். இதைப் புரிந்துகொண்டால் ஸ்டார்ட்டர் முழுவதும் புரிந்துவிடும்.

மோட்டாருக்குப் போகும் முழு மின்சாரமும் பொத்தான் வழியாகப் போவதில்லை. ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் (செம்புக் கம்பிச் சுருள்) இருக்கிறது. பொத்தான் அந்தக் காயிலுக்கு மட்டுமே மின்சாரம் கொடுக்கிறது. நடப்பது இதுதான்:

1. பச்சை பொத்தானை அழுத்தியதும் காயிலுக்கு மின்சாரம் போய் அது காந்தமாகிறது.
2. அந்தக் காந்தம் எதிரே உள்ள இரும்புப் பகுதியை 'டக்' என்று இழுக்கிறது.
3. அதோடு சேர்ந்து மூன்று பெரிய கான்டாக்டுகள் மூடிக்கொள்கின்றன. மூன்று பேஸ் மின்சாரமும் மோட்டாருக்குப் போகிறது.
4. அதே நேரத்தில் நான்காவதாக ஒரு சிறிய கான்டாக்டும் மூடுகிறது. இது பச்சை பொத்தானுக்குப் பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருக்கும். விரலை எடுத்த பிறகு காயிலுக்கு மின்சாரம் இந்த வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் எலக்ட்ரீஷியன்கள் 'ஹோல்டிங் கான்டாக்ட்' என்கிறார்கள்.
5. சிவப்பு பொத்தானை அழுத்தினால் காயிலின் பாதை துண்டிக்கப்படுகிறது. காந்தம் விடுகிறது. ஸ்பிரிங் தள்ளி மூன்று கான்டாக்டுகளும் விலகுகின்றன. மோட்டார் நிற்கிறது.

இந்த அமைப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. மோட்டார் ஓடும்போது கரண்ட் போனால் காயில் காந்தத்தை இழந்து கான்டாக்டுகள் விலகிவிடும். மீண்டும் கரண்ட் வந்தாலும், யாராவது வந்து பச்சை பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. கிணற்றில் இறங்கியிருப்பவர், பைப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர், பெல்ட்டில் கை வைத்திருப்பவர் ஆகியோரைக் காப்பது இந்த ஏற்பாடுதான்.

பச்சை பொத்தானில் குச்சி வைத்தால் என்ன ஆகும்?

மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று இரவில் கண்விழித்துக் காத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது விவசாயிகளுக்குத்தான் தெரியும். அதனால்தான் பச்சை பொத்தானை அழுத்திய நிலையில் குச்சி, அட்டை, ரப்பர் வைத்துக் கட்டிவிடும் பழக்கம் வந்தது. அதன் விளைவுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, மேலே சொன்ன பாதுகாப்பு போய்விடுகிறது. கரண்ட் வந்த அந்த நொடியே, யார் எங்கே கை வைத்திருந்தாலும், மோட்டார் ஓடத் தொடங்கும்.

இரண்டாவது, சிவப்பு பொத்தான் பயனற்றதாகிவிடுகிறது. சிவப்பை அழுத்தியிருக்கும் வரை மட்டுமே மோட்டார் நிற்கும். கையை எடுத்ததும், பச்சை ஏற்கெனவே அழுத்திய நிலையில் இருப்பதால், மறுபடி ஓடும். அவசரத்தில் ஓடி வந்து சிவப்பைத் தட்டும் மனைவிக்கோ பிள்ளைக்கோ இது தெரியாது.

மூன்றாவது, கரண்ட் ஒரு நிமிடத்துக்குள் போய்ப் போய் வந்தால் மோட்டாருக்கு அதிர்ச்சி மேல் அதிர்ச்சி. ஆழமான போர்வெல்லில் மோட்டார் நின்றதும் பைப்பில் உள்ள தண்ணீர் கீழே இறங்கும். அடிவால்வு பழுதாக இருந்தால் அந்தத் தண்ணீர் பம்பை எதிர்ப்பக்கமாகச் சுழற்றும். அந்த நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கினால் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் முறியலாம்.

நான்காவது, ஒரே ஒரு பேஸ் குறைவாக வந்தாலும் மோட்டார் ஓட முயலும். இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

தானாக ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் குச்சிக்குப் பதிலாக முறையான 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' கருவியைப் பொருத்துங்கள். அது மூன்று பேஸும் சரியாக வருகிறதா என்று பார்த்து, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அதன் பிறகே மோட்டாரை ஓட்டும். அந்தக் கருவி உள்ள கொட்டகையில் 'மோட்டார் தானாக ஓடும், எச்சரிக்கை' என்று தமிழில் எழுதி வையுங்கள்.

ஸ்டார்ட்டர் தானாக நிற்கவில்லையே, மோட்டார் ஏன் எரிந்தது?

கிராமக் கூட்டங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. விவசாய ஸ்டார்ட்டர்களில் பலவற்றில் காயில் இரண்டு பேஸ்களுக்கு இடையே இணைக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டில் ஒன்று போனால் காயில் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். ஆனால் காயிலில் சேராத மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்கு அது தெரியாது. கான்டாக்டுகள் மூடியபடியே இருக்கும். மோட்டார் மீதமுள்ள இரண்டு பேஸில் ஓடும். அப்போது அந்த இரண்டு வயர்களிலும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக உயரும். சில நிமிடங்களில் வைண்டிங் கருகிவிடலாம்.

இதைத் தடுக்க இரண்டு பாதுகாப்புகள் உண்டு.

ஓவர்லோடு ரிலே: ஸ்டார்ட்டரிலேயே இருப்பது. மின்னோட்டம் அதிகமானால் உள்ளே உள்ள இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைந்து, காயிலின் பாதையைத் துண்டிக்கும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவுக்கு இதைத் திருப்பி வைக்க வேண்டும். 'அடிக்கடி ட்ரிப் ஆகிறது' என்று அளவைக் கூட்டி வைத்தால், பாதுகாப்பைக் கழற்றி எறிந்ததற்குச் சமம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், ரிலே வைண்டிங்கின் பாதையில் இருந்தால் பெயர்த்தகட்டு ஆம்பியரில் 58 சதவீதம் வைக்க வேண்டும் என்பதால் அதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

பேஸ் பாதுகாப்புக் கருவி (பிரிவென்டர்): ஒரு பேஸ் போனாலோ, பேஸ்களுக்கிடையே வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு அதிகமானாலோ உடனே நிறுத்தும். சில கருவிகளில் தண்ணீர் வற்றினால் நிறுத்தும் வசதியும் சேர்ந்தே வருகிறது. நீர்மூழ்கி மோட்டாரின் பேரிங்குகளுக்குத் தண்ணீர்தான் உயவு. சுற்றியுள்ள தண்ணீர்தான் அதைக் குளிரவும் வைக்கிறது. கோடையில் போர் வற்றும் நம் பகுதிக்கு இந்த வசதி மிகவும் அவசியம்.

ரிலே ட்ரிப் ஆனால் 3 முதல் 5 நிமிடம் ஆற விட்டு, ரீசெட் செய்து, பிறகு ஓட்டுங்கள். சில ஸ்டார்ட்டர்களில் சிவப்பு பொத்தானே ரீசெட் பொத்தான், சிலவற்றில் தனியாக இருக்கும். இரண்டாவது முறையும் ட்ரிப் ஆனால் காரணம் தெரியாமல் மறுபடி அழுத்த வேண்டாம்.

பொத்தானில் 415 வோல்ட் இருக்கலாம்

பிளாஸ்டிக் பொத்தான்தானே, என்ன ஆகப் போகிறது என்று நினைக்கக் கூடாது. இரண்டு பேஸ்களுக்கு இடையே காயில் இணைக்கப்பட்ட ஸ்டார்ட்டரில் பொத்தானின் முனைகளில் 415 வோல்ட் வரை இருக்கும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை விட இது மிக அதிகம். பொத்தான் உடைந்து, அதன் ஓட்டை வழியே குச்சியால் குத்தி மோட்டார் போடுவதைப் பல கொட்டகைகளில் பார்க்கலாம். ஈரக் குச்சியும் ஈரக் கையும் சேர்ந்தால் உயிர் போய்விடும். புதுப் பொத்தான் விலை மிகக் குறைவு. உடைந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி: சிவப்பு பொத்தானை அழுத்தினால் மோட்டார்தான் நிற்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பெட்டியைத் திறப்பதானால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியர்களையும் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'தெரியாமல் மெயினைப் போட்டுவிட்டேன்' என்று பிறகு ஒருவர் சொல்லும் நிலை வரக் கூடாது.

செல்போன் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது?

செல்போனில் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவியும் இதே பொத்தான் தத்துவத்தில்தான் இயங்குகிறது. உள்ளே சிம் கார்டும் இரண்டு சிறிய ரிலேக்களும் இருக்கும். ஒன்று பச்சை பொத்தானுக்கு இணையாக இருந்து, ஒரு சில நொடி மூடித் திறக்கும். இன்னொன்று சிவப்பு பொத்தானோடு வரிசையில் இருந்து, திறந்து மூடும். அதாவது உங்கள் விரல் செய்யும் வேலையை அது செய்கிறது.

இரவில் பாம்புக்கும் ஈரத்துக்கும் நடுவே தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் ஒரு எச்சரிக்கை: நீங்கள் கொட்டகையில் பழுது பார்க்கும்போது வீட்டில் இருப்பவர் போனில் மோட்டாரைப் போட்டுவிடலாம். எனவே மெயினை அணைக்காமல் எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

இந்தக் கருவிக்குத் தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம் அல்லது 7,000 ரூபாய், மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து மாறும் என்பதால், வாங்கும் முன் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பிறகே வாங்குங்கள்.

சிலர் வீட்டிலிருந்தே மோட்டார் போட, ஸ்டார்ட்டரிலிருந்து மெல்லிய வயரை வரப்பு வழியாக இழுத்து வீட்டில் இரண்டாவது பொத்தான் வைக்கிறார்கள். அந்த வயரில் 415 வோல்ட் ஓடும். மண்வெட்டி பட்டாலோ, எலி கடித்தாலோ, மாடு மிதித்தாலோ விபத்துதான். இதைச் செய்யவே வேண்டாம். செல்போன் கருவியே பாதுகாப்பானது.

வேறு எங்கெல்லாம் பொத்தான் சுவிட்ச் பயன்படுகிறது?

தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவு மில், எண்ணெய்ச் செக்கு: இவற்றில் மஞ்சள் நிறப் பின்னணியில் காளான் வடிவில் பெரிய சிவப்பு பொத்தான் இருக்க வேண்டும். உள்ளங்கையால் தட்டினால் உள்ளே போய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். திருப்பி விட்டால்தான் வெளியே வரும். மாட்டுத் தீவனம் நறுக்கும்போது கை மாட்டிக்கொள்ளும் விபத்துகள் நடப்பதால், இந்தப் பொத்தான் இயந்திரத்தில் தீவனம் தள்ளுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டாத சுவரில் இருந்தால் பயனில்லை.

டிராக்டர்: ஹாரன் பொத்தான் திறந்த வகையைச் சேர்ந்தது.

உயிர்காக்கும் மின்கசிவு சுவிட்ச்: இதில் 'டி' என்று எழுதிய சிறிய பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பழுது. மாதம் ஒருமுறை சோதியுங்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். மோட்டாருக்கு எது பொருத்தம் என்பதை எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும்.

வாக்குப்பதிவு இயந்திரம்: நாம் ஓட்டுப் போட அழுத்தும் நீலப் பொத்தானும் பொத்தான் சுவிட்ச்தான். 1982ஆம் ஆண்டு கேரளாவின் பரவூர் தொகுதியில் முதன்முதலாக இந்த இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. ஒருமுறை அழுத்தியதும் அடுத்த அழுத்தத்தை ஏற்காதபடி அது அமைக்கப்பட்டிருக்கிறது.

கோளாறும் காரணமும்

பச்சையை அழுத்தினால் சத்தமே இல்லை: பேஸ் வரவில்லை, பியூஸ் போயிருக்கிறது, ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறது, சிவப்பு பொத்தானின் முனையில் அழுக்கு, அல்லது காயில் எரிந்திருக்கிறது.

அழுத்தியிருக்கும் வரை ஓடுகிறது, விட்டால் நிற்கிறது: ஹோல்டிங் கான்டாக்ட் அல்லது அதன் வயர் பழுது. இந்தக் கோளாறுக்குத்தான் பலர் குச்சி வைக்கிறார்கள். சரிசெய்ய ஆகும் செலவு மிகச் சிறியது.

கடகடவென்று அடித்துக்கொள்கிறது: வோல்டேஜ் குறைவு அல்லது வயர் தளர்வு. உடனே நிறுத்துங்கள்.

உறுமுகிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை: ஒரு பேஸ் இல்லை அல்லது பம்பு இறுகியிருக்கிறது. சிவப்பை உடனே அழுத்துங்கள்.

சிவப்பை அழுத்தியும் நிற்கவில்லை: கான்டாக்டுகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெயின் சுவிட்சை அணையுங்கள். ஓடும் நிலையில் பியூஸ் கேரியரை இழுக்காதீர்கள், தீப்பொறி பறக்கும்.

பராமரிப்பு

* ஸ்டார்ட்டர் பெட்டியின் வயர் துளைகளை அடைத்து வையுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய் கான்டாக்டுகளுக்கு நடுவே நசுங்குவது நம் கிராமங்களில் அடிக்கடி நடக்கும் பழுது. எறும்புக்கு மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ பெட்டிக்குள் தெளிக்காதீர்கள்.
* கான்டாக்டுகளில் வெள்ளிக் கலவை உண்டு. லேசாகக் கறுத்திருந்தால் கெடுதல் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். குழி விழுந்திருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.
* மழைக்காலத்துக்கு முன் ஸ்குரூக்கள் இறுக்கமாக உள்ளனவா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள்.
* இரும்புப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் எர்த் கட்டாயம். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.
* கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் முன்பு காய்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டு, அதன் மேல் நின்று, காய்ந்த கையால் அழுத்துங்கள். வெறுங்காலோடு சேற்றில் நின்று அழுத்தாதீர்கள்.
* பியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள்.

விபத்து நடந்தால்

மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த மூங்கில் அல்லது மரத்தடியால் வயரிலிருந்து விலக்குங்கள். மின்கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் அருகே போகாமல், மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987க்குத் தகவல் சொல்லுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தபடி 108க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வா' என்று பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொட்டகைக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் மோட்டார் போடும் பெரியவர்கள் அனைவருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். இன்று தண்ணீர் பாய்ச்சப் போகும்போது பச்சை பொத்தானைப் பாருங்கள். அதில் குச்சி இருந்தால் முதல் வேலையாக மெயினை அணைத்துவிட்டு அதை எடுத்து எறியுங்கள்.